வால்வு சிவந்து போச்சு டாக்டர்

இன்னிக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்ல மக்களே. கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பத்தி ஒரு நீளமான இழை. "டாக்டருக்கு என்னாச்சு"ன்னு யாரும் பதற வேணாம். நடுவுல ஈசிஜி வரும், கரன்ட் ஷாக் வரும், உங்க வீட்டு ஈ.பி. பாக்ஸும் வரும். கிட்டார் வாசிக்காதவங்களும் அந்த ஷாக் பகுதியை மட்டுமாவது படிச்சிடுங்க.

வீட்ல பெரிய மரப்பெட்டி ரேடியோ இருந்த தலைமுறைக்கு வால்வுன்னா என்னன்னு தெரியும். ஸ்விட்ச் போட்ட உடனே பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய் லேசா ஆரஞ்சு நிறத்துல கனிய ஆரம்பிக்கும், அப்புறம்தான் குரல் வரும். ரேடியோவுல இருந்து வால்வு போய் அரை நூற்றாண்டு ஆச்சு. ஆனா கிட்டார் ஆம்ப்ளிஃபயர்ல மட்டும் இன்னும் போகல. அதிகமா வாசிச்சா அது மெதுவா கரகரக்கிற விதம் காதுக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான் காரணம். அமெரிக்காக்காரங்க இதை டியூப்னு சொல்வாங்க, பிரிட்டிஷ்காரங்க வால்வுன்னு சொல்வாங்க. நான் ரெண்டையும் கலந்துதான் எழுதப் போறேன்.

வால்வுங்கிற பேரு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1904ல ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளமிங் இதைக் கண்டுபிடிச்சப்போ, மின்சாரம் ஒரு பக்கமா மட்டும் போகுது, திரும்பி வரலங்கிறதுக்காக வச்ச பேரு அது. உங்க இதயத்துல இருக்கிற மைட்ரல் வால்வு செய்யறதும் அதே வேலைதான். ரெண்டு வருஷம் கழிச்சு லீ டி ஃபாரஸ்ட் நடுவுல ஒரு கம்பிச் சல்லடையைச் சேர்த்தார். அதுக்குப் பேரு கிரிட். அதுலதான் நம்ம கதையே இருக்கு.

குழாய்க்குள்ள நடக்கறது இதுதான். நடுவுல கேத்தோடுன்னு ஒரு பாகம். ஹீட்டர் அதைச் சூடாக்கும். சூடான கேத்தோடுல இருந்து எலக்ட்ரான் ஆவி மாதிரி கிளம்பும். சுத்தி பிளேட்னு ஒரு உலோகத் தகடு, அதுக்கு 400 வோல்ட்டுக்கு மேல பாசிட்டிவ். எலக்ட்ரான் நெகட்டிவ், அதனால பிளேட்டைப் பார்த்து ஓடும். வழியில சல்லடை. சல்லடைக்குக் கொஞ்சம் நெகட்டிவ் வோல்டேஜ் கொடுத்தா ஓடுற கூட்டம் தயங்கும், நிறையக் கொடுத்தா நின்னுடும். கிட்டார்ல இருந்து வர்ற சிக்னல் இந்தச் சல்லடையைத்தான் ஆட்டும்.

யாரும் வாசிக்காத நேரத்துல சல்லடையில எவ்வளவு நெகட்டிவ் இருக்கணும்? அந்த அளவுதான் பயாஸ். ஓய்வா உட்கார்ந்திருக்கிறப்போ உங்க நாடித் துடிப்பு எவ்வளவுன்னு நான் பார்க்கிற மாதிரி, ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்கும்போது டியூப் வழியா எவ்வளவு கரன்ட் போகுதுன்னு பார்க்கணும். ரொம்பக் குறைஞ்சா சத்தம் மெலிஞ்சு, சோகையா, ஓரத்துல ஒரு கரகரப்போட வரும். ரொம்பக் கூடினா பிளேட் சூடு தாங்காம சிவக்கும். ஹீட்டரோட ஆரஞ்சு நிறம் நடுவுல தெரியறது இயல்பு. வெளியில இருக்கிற சாம்பல் நிறத் தகடே அடுப்புக்கம்பி மாதிரி சிவந்தா, அது அவசரம். ஸ்விட்சை அணைக்கணும், பாட்டு முடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துடறேன். மைனஸ் 40 வோல்ட்ங்கறது மைனஸ் 30ஐ விட 'குளிர்' பயாஸ். எண் பெருசாகப் பெருசாக கரன்ட் குறையும். புதுசா கத்துக்கிறவங்க பாதிப் பேர் இங்கதான் திருகாணியை எதிர்ப் பக்கம் திருப்பறாங்க.

இன்னொரு குழப்பம் 'ஃபிக்ஸட் பயாஸ்'ங்கிற பேரு. ஃபிக்ஸட்னா மாத்தவே முடியாதுன்னு நினைச்சுக்கறாங்க. உண்மையில அதைத்தான் நாம மாத்தணும். எப்படின்னா, சில ஆம்ப்ளிஃபயர்ல கேத்தோடுக்கும் பூமிக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர் இருக்கும். கரன்ட் கூடினா அந்த ரெசிஸ்டர்ல வோல்டேஜ் கூடும், அதனால கிரிட் தானாகவே இன்னும் நெகட்டிவ் ஆகும், கரன்ட் குறைஞ்சிடும். இது கேத்தோடு பயாஸ். நல்லா வேலை செய்யற கணையம் மாதிரி, தேவைக்கு ஏத்தபடி தானே இன்சுலினைக் கூட்டிக் குறைச்சுக்கும். வாக்ஸ் ஏசி30 இந்த ரகம். ஃபிக்ஸட் பயாஸ்ல கணையம் கிடையாது. வெளியில இருந்து ஊசி. தனியா ஒரு நெகட்டிவ் சப்ளை, ஒரு திருகாணி. ஆள் மாறினா டோஸ் மாத்தணும். ஒருத்தருக்கு எழுதின இன்சுலின் அளவை அடுத்தவருக்குப் போட்டா என்ன ஆகுமோ, பழைய டியூபுக்கு வச்ச பயாஸ்ல புது டியூபைச் சொருகினா அதுதான் ஆகும்.

இப்ப கதைக்கு வர்றேன். சம்பந்தப்பட்டவர் அனுமதியோடதான் எழுதறேன், அடையாளம் வர்ற விஷயம் எதையும் எழுதல.

போன நவம்பர்ல ஒரு தம்பி என் கிளினிக்குக்கு வந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில வெள்ளையா ஒரு சின்னப் புள்ளி, சுத்திலும் கருப்பு வளையம். "நெஞ்சு படபடன்னு அடிச்சுது டாக்டர், இப்ப பரவாயில்ல." கரன்ட் ஷாக்னு பார்த்த உடனே தெரிஞ்சது. மயக்கம் இல்ல, நெஞ்சு வலி இல்ல. ஈசிஜி எடுத்தேன், நார்மல். இருந்தாலும் படபடப்பு இருந்ததால சாயந்திரம் வரைக்கும் உட்கார வச்சு மறுபடி எடுத்தேன். அதுவும் நார்மல்.

எங்க ஷாக் அடிச்சுதுன்னு கேட்டேன். "ஆம்ப்ளிஃபயர்ல டாக்டர். ஆனா பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் கை வச்சேன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இழையே எழுதறேன்.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள்ள கெப்பாசிட்டர்னு உருளை உருளையா இருக்கும். 400 வோல்ட்டுக்கு மேல பிடிச்சு வச்சிருக்கும். பிளக்கைப் புடுங்கினா ஈ.பி. தொடர்பு மட்டும்தான் போகும், உள்ளே தேங்கினது அப்படியே நிக்கும். மேல் தொட்டி நிறைஞ்சிருந்தா மோட்டாரை அணைச்சதும் குழாய்ல தண்ணி நின்னுடுமா? அதே கணக்கு. அதுலயும் இந்தத் தம்பி ரொம்ப ஒழுங்கா, முதல்ல ஸ்டாண்ட்பை ஸ்விட்சை அணைச்சு, அப்புறம் பவரை அணைச்சிருக்கார். இந்த மாதிரி சர்க்யூட்ல ஸ்டாண்ட்பையை அணைச்சா முதல் கெப்பாசிட்டரும் டியூபும் பிரிஞ்சிடும். டியூப் வழியா வடிஞ்சு போக வேண்டிய மின்சாரம் வடிய வழியில்லாம உள்ளேயே தங்கிடுச்சு. மெதுவா திறந்து உள்ளே விரலை வச்சிருக்கார்.

"வீட்ல ஆர்சிசிபி இருக்கு டாக்டர், அது விழவே இல்ல"ன்னார். விழாது. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா விழற அந்தக் கருவி ஈ.பி. லைன்ல போற கரன்ட்டையும் திரும்பி வர்ற கரன்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஆம்ப்ளிஃபயருக்குள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது அதுக்குக் கண்ணுல படாது. ஆம்ப்ளிஃபயர் ஓடிட்டு இருக்கும்போது உள்ளே இருக்கிற 400 வோல்ட்டைத் தொட்டாலும் விழாது. ஆர்சிசிபி கட்டாயம் வேணும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது இருக்குங்கிற தைரியத்துல மூடியைத் திறக்காதீங்க.

ஒரு கையில 400 வோல்ட், இன்னொரு கை சேசிஸ் மேலன்னா கரன்ட் போற வழி நெஞ்சு. உடம்போட உள் தடை சுமார் 1000 ஓம். தோல் காய்ஞ்சிருந்தா கொஞ்சம் காப்பாத்தும், ஆனா இந்த அளவு வோல்டேஜ்ல தோலோட தடையும் சரிஞ்சிடும். கணக்குப் போட்டா ஒரு ஆம்பியர்ல கால் பங்குக்கு மேலேயே போகலாம். இதயத்தோட தாளம் தடுமாற அதுல ஒரு பகுதி போதும். தம்பிக்கு இன்னொரு கை தரையில ஊன்றின ரப்பர் மேட்ல இருந்திருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

1972ல இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ்ல, ஸ்வான்சி நகரத்து மேடையில, ஸ்டோன் த குரோஸ் குழுவோட கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத சாதனம்தான் காரணம். கிட்டார்க் கம்பி ஆம்ப்ளிஃபயரோட சேசிஸோட இணைஞ்சிருக்கும். அதனால கிட்டார் வாசிக்கிறவங்க கை எப்பவும் ஆம்ப்ளிஃபயர் மேல இருக்கிற மாதிரிதான். 1960கள்ல அமெரிக்காவுல வந்த பெட்டிகள்ல ரெண்டு முள் பிளக்தான் இருந்தது. அப்படி ஒண்ணு உங்ககிட்ட இருந்தா, பயாஸ் எல்லாம் அப்புறம். முதல்ல மூணு முள் கயிறு போட்டு சேசிஸை எர்த் பண்ணுங்க.

சரி, எதுக்குத் திறந்தீங்கன்னு கேட்டேன். தம்பி சர்ச்ல வாசிக்கிறவர், கல்யாணக் கச்சேரிக்கும் போறவர். மாமா அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்து கொடுத்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 1960கள் சரக்கு. ரெண்டு 6வி6 டியூப், சுமார் 22 வாட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ஓட்டறார். டியூப் சிவக்குதுன்னு ஒரு கடையில கொடுத்திருக்கார். புது ஜோடி போட்டுக் கொடுத்தாங்க. ஆறு வாரத்துல மறுபடி சிவப்பு. மறுபடி புது ஜோடி. மறுபடி சிவப்பு. ரெண்டு ஜோடிக்கும் காசு வாங்கியிருக்காங்க, ஒரு தடவை கூட மீட்டர் வச்சுப் பார்க்கல. டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட்ஸ், அவருக்கு வருஷத்துல பாதி வருமானம் அந்த ஒரு மாசத்துல. "இனிமே நானே பார்த்துக்கறேன்னு திறந்துட்டேன் டாக்டர்."

எனக்கு இது பல வருஷப் பொழுதுபோக்கு. ஞாயித்துக்கிழமை கொண்டு வரச் சொன்னேன்.

காய்ச்சல்னு வர்றவருக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பினா என்ன ஆகும்? காய்ச்சல் இறங்கும், காரணம் உள்ளேயே இருக்கும். டியூப் சிவக்கிறதும் காய்ச்சல் மாதிரிதான், அறிகுறி. பயாஸ் தப்பா வச்சிருக்கலாம். பயாஸ் சப்ளையே போயிருக்கலாம், அங்க இருக்கிற கெப்பாசிட்டர் பழசானா காய்ஞ்சு போகும். டியூப் கெட்டிருக்கலாம். சாக்கெட்ல கால் சரியா கவ்வாம கிரிட்டுக்கு நெகட்டிவ் போய்ச் சேராம இருக்கலாம். முன்னாடி இருக்கிற பகுதியில இருந்து ஹை வோல்டேஜ் கசிஞ்சு கிரிட்டுக்கு வரலாம். இதுல எதுவா இருந்தாலும் வெளியில தெரியறது ஒரே சிவப்பு.

அதனால முதல்ல இருட்டு அறையில போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் இணைச்சுத்தான். ஸ்பீக்கர் இல்லாம வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், அது டியூப் மாதிரி ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடிப் பிடிக்கிற சாமான் இல்ல. ரெண்டு டியூப்ல ஒண்ணு மட்டும் நாலு நிமிஷத்துல சிவக்க ஆரம்பிச்சது. ஹம் சத்தமும் அதிகம். ரெண்டு டியூபும் சமமா கரன்ட் இழுத்தா சப்ளையில இருக்கிற ஹம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். சமம் போச்சுன்னா கேட்க ஆரம்பிக்கும். நம்ம ஊர்ல அது 100 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுல 120.

ரெண்டும் சிவந்தா பொதுவான சப்ளையைச் சந்தேகப்படணும். ஒண்ணு மட்டும்னா அந்தப் பக்கத்தை. அணைச்சு, ஆறவிட்டு, ரெண்டு டியூபையும் இடம் மாத்திச் சொருகினேன். சிவப்பு டியூபோட போனா டியூப் குற்றவாளி. சிவப்பு அதே சாக்கெட்ல நின்னா சர்க்யூட் குற்றவாளி. காசில்லாத பரிசோதனை, அஞ்சு நிமிஷ வேலை. அதே சாக்கெட்லதான் சிவந்தது. அதாவது தம்பி வாங்கின ரெண்டு ஜோடி டியூபும் நிரபராதி.

அடுத்து திறந்தேன். பிளக்கைப் புடுங்கி, கெப்பாசிட்டர்களை ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியா வடிச்சு, வடிஞ்சிடுச்சான்னு மீட்டர்ல பார்த்து, அப்புறம்தான் கை. மோதிரம், வாட்ச் கழட்டிட்டேன். ஒவ்வொரு டியூபோட கேத்தோடுக்கும், அதாவது 8ஆம் காலுக்கும், பூமிக்கும் நடுவுல 1 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு பத்த வச்சேன். ஓம் விதிப்படி அதுல தெரியற ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். ஹை வோல்டேஜ் பக்கமே போகாம கரன்ட் தெரிஞ்சிடும். இதுல ஸ்கிரீன் கரன்ட்டும் கொஞ்சம் சேர்ந்து வரும். அந்தப் பிழை பாதுகாப்பான பக்கத்துக்குத்தான் போகும், அதனால நான் கழிக்கறதில்ல.

மறுபடி போட்டேன். மீட்டரோட கருப்பு வயர் சேசிஸ்ல கிளிப், இடது கை பாக்கெட்ல, வலது கையில சிவப்பு வயர் மட்டும். பிளேட்ல 418 வோல்ட். நல்ல பக்கம் 21 மில்லி ஆம்பியர், கெட்ட பக்கம் 41. உடனே அணைச்சேன்.

கணக்கு ரொம்பச் சுலபம். 418ஐ 0.041ஆல பெருக்கினா 17 வாட்டுக்கு மேல. 6வி6 தாங்கறது 12 வாட், புது முறைக் கணக்குல 14. நல்ல பக்கம் 8.8 வாட்.

இந்த இடத்துல நிறையப் பேர் திருகாணியைத் திருப்புவாங்க. பயாஸை இன்னும் நெகட்டிவ் ஆக்கினா சிவப்பு மறைஞ்சிடும்தான். ஆனா நல்ல டியூப் பட்டினி கிடக்கும், நோய் வளர்ந்துட்டே இருக்கும். நான் ரெண்டு 6வி6ஐயும் கழட்டிட்டு, காலி சாக்கெட்ல கிரிட் வோல்டேஜைப் பார்த்தேன், 5ஆம் கால். ஒரே சப்ளைல இருந்துதான் ரெண்டு பக்கமும் போகுது. டியூப் இல்லாதப்போ ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஒரு பக்கம் மைனஸ் 36. இன்னொரு பக்கம் மைனஸ் 27.

ஒன்பது வோல்ட் எங்க போச்சு? முந்தின டியூப்ல இருந்து சிக்னலைக் கொண்டு வர்ற கப்ளிங் கெப்பாசிட்டர், 0.1 மைக்ரோ ஃபாரட். அதோட வேலையே ஆட்டத்தை மட்டும் விட்டு, நிலையான பாசிட்டிவ் வோல்டேஜைத் தடுக்கறது. அது லேசா ஓட்டை. அந்தப் பக்கம் இருக்கிற இருநூறு சொச்சம் வோல்ட்ல இருந்து பாசிட்டிவ் கசிஞ்சு கிரிட்டோட நெகட்டிவைத் தின்னுட்டு இருந்தது. மைக்ரோ ஆம்பியர் கணக்குல கசிவு, அவ்வளவுதான். அடைக்கிற வேலை செய்யற வால்வு சரியா மூடாம ரத்தம் பின்னாடி கசிஞ்சா முதல்ல படபடப்பு, அப்புறம் மூச்சு வாங்கும். பார்க்கிறவருக்கு நுரையீரல் கோளாறுன்னு தோணும். சூடேற ஏற இந்தக் கசிவும் கூடும், அதனாலதான் கடையில ரெண்டு நிமிஷம் வாசிச்சுக் காட்டினப்போ ஒண்ணும் தெரியல.

ரெண்டு பக்கமும் கப்ளிங் கெப்பாசிட்டரை மாத்தினேன், 600 வோல்ட் தாங்கறது. பயாஸ் சப்ளை கெப்பாசிட்டரும் அம்பது வருஷத்துக்கு மேல பழசு, அதையும். அது நெகட்டிவ் சப்ளை, அதனால பாசிட்டிவ் முனைதான் சேசிஸுக்குப் போகணும். பழக்க தோஷத்துல திருப்பிப் போட்டவங்க நிறைய. மொத்தச் சாமான் செலவு ஒரு டியூப் விலையில கால்வாசி கூட இல்ல.

திரும்ப டியூபைப் போட்டா 22, 21. பிளேட் 426. கரன்ட் குறைஞ்சா சப்ளை மேல பாரம் குறையும், பிளேட் வோல்டேஜ் ஏறும். அதனால ஒரு தடவை திருகிட்டு விட்டுடக் கூடாது, ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்க்கணும். திருகாணியைக் கொஞ்சம் திருப்பி 20, 19ல நிறுத்தினேன். 8.5 வாட், 8.1 வாட். தாங்கும் அளவுல ஏறக்குறைய 70 சதவீதம்.

இந்த 70ஐ சிலர் வேதவாக்கு மாதிரி பிடிச்சுக்கறாங்க. பிரஷர் 120/80 இல்லாம 124 இருந்தா ராத்திரி தூங்காதவங்க இருக்காங்களே, அந்த மாதிரி. அது ஒரு மேல் வரம்பு, அடைய வேண்டிய மதிப்பெண் கிடையாது. 60ல நல்லா இருந்தா 60லயே விடுங்க, டியூப் கூட நாள் உழைக்கும். என் காதுக்கு இந்தப் பெட்டி 65ல இன்னும் தெளிவா இருந்தது. தம்பிக்கு 70தான் பிடிச்சது. வாசிக்கறது அவர்.

நம்ம ஊர் லைன் வோல்டேஜையும் மறக்கக் கூடாது. பகல்ல 225 இருக்கிறது ராத்திரி 245 ஆகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அதே விகிதத்துல கூட்டிக் கொடுக்கும், பிளேட்டும் ஏறும். சர்ச்ல ராத்திரி ஆராதனைக்கு வாசிக்கிற ஆள்ங்கிறதால சாயந்திரம் ஏழு மணிக்கு இன்னொரு தடவை அளந்தேன். 20 இருந்தது 22 ஆச்சு. அங்கதான் கொஞ்சம் இறக்கி வச்சேன்.

அந்த நூறு இருநூறு ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டரை வச்சு 400 வோல்ட்டைத் தொடாதீங்க. மீட்டரை விட அதோட வயர்தான் பயம். 600 வோல்ட்டுக்கு மேல சான்று இருக்கிற வயர், விரல் தடுப்பு இருக்கிற முனை வேணும். இது எதுவும் பழக்கமில்லன்னா திறக்கவே வேணாம். இருட்டுல பார்த்து எது சிவக்குதுன்னு குறிச்சு வச்சு, அளந்து சொல்ற ஆள்கிட்ட கொடுங்க. "பிளேட் எத்தனை வோல்ட், ஒவ்வொரு டியூப்லயும் எத்தனை மில்லி ஆம்பியர்"னு கேளுங்க. ரெண்டு எண்ணும் எழுதித் தரலன்னா வேற கடை.

யாருக்காவது ஷாக் அடிச்சா, ஆளைத் தொடறதுக்கு முன்னாடி மெயினை அணைங்க. மூச்சு இல்லன்னா நெஞ்சுல அழுத்த ஆரம்பிச்சு 108க்கு ஆள் விடுங்க. எழுந்து உட்கார்ந்துட்டா கூட, மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு ஏதாவது இருந்தா அன்னிக்கே ஒரு ஈசிஜி. விரல்ல சின்னப் புள்ளிதானேன்னு வீட்ல மஞ்சள் வைக்காதீங்க. உள்ளே போன வழி வெளியில தெரியாது.

தம்பி ஜனவரியில பெட்டியோட வந்தார். டிசம்பர் முழுக்க ஓடியிருக்கு. 20, 19. அசையல. கடையில மாத்தின முதல் ஜோடி டியூபைத் தூக்கிப் போடாம வச்சிருந்தார், சிவந்தது தவிர மத்தது நல்லாவே இருந்தது. அதுல 'ஸ்பேர்'னு பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன். சிவந்ததையும் கேட்டு வாங்கி வச்சிருக்கேன், கிளினிக் மேசையில இருக்கு.